சாவியைத் திருப்பினா 'டிக்'... அப்புறம் அமைதி! தாத்தா காலத்து ஹெரால்டுக்கு வயரிங் மாத்துறது எப்படி?

மயிலாப்பூர், அடையாறு காந்தி நகர், தி.நகரின் உள் வீதிகள்... இந்த ஏரியாக்களில் நடந்திருந்தால் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பழைய வீடு, கிரில் கேட், போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்திய ஓர் உருவம். நாலு டயரிலும் காற்று இருக்காது. மேலே காய்ந்த வேப்பிலை. அதன்மேல் ஒரு பூனை. "யார் வண்டி?" என்று கேட்டால், "தாத்தாவோடது. இன்ஜின் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஸ்டார்ட்தான் ஆகலை" என்பார்கள்.

என் நண்பன் வீட்டிலும் இதே கதைதான். மயிலாப்பூரில் ஒரு சந்து, அதற்குள் நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தா இறந்த பிறகு யாரும் எடுக்கவில்லை. ஒரு வொர்க்ஷாப்பில் காட்டியிருக்கிறார்கள். பார்த்தவர், "இன்ஜின் ஜாம், எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். பழைய இரும்புக்காரர் வந்து விலையும் பேசிவிட்டுப் போய்விட்டார். பாட்டிக்கு மட்டும் மனசே இல்லை. கடைசியாக ஒருமுறை பார்க்கலாமே என்று, வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் பானெட்டைத் திறந்து, முன்பக்கக் கப்பியில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது! "இன்ஜின் ஜாமும் இல்லை, ஒண்ணும் இல்லை தம்பி. வயர்தான் செத்துப்போச்சு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டுப் போர்டிகோவிலும் இப்படி ஒரு வண்டி தூங்கிக்கொண்டிருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இது நம்ம ஊர் வண்டி பாஸ்!

முதலில் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்வோம். அம்பாசடர் கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் பிறந்தது. பத்மினி பம்பாய்க்காரி. ஹெரால்டு? வண்டலூர்! இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கூட்டு வைத்து 1948-ல் மெட்ராஸில் தொடங்கப்பட்டது 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'. அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று விற்ற கார், 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இன்ஜின் 948 சிசி. அதாவது, இன்றைய சின்ன ஹேட்ச்பேக்குகளின் சைஸ்தான். நம்ம ஊர் குடும்பங்களுக்கு ரெண்டு கதவு பத்தாது என்று 1968-ல் நாலு கதவு மாடலையும் இறக்கினார்கள். எழுபதுகளில் கெஸல், எண்பதுகளில் ஸ்டாண்டர்டு 2000. அதோடு கதை முடிந்தது.

இந்த மாதிரி வண்டிகளின் மின்சார உறுப்புகளுக்கும் சென்னை கனெக்‌ஷன் உண்டு. பாடியில் 'லூகாஸ்' என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறதே, அது 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையின் பெயர். பர்மிங்ஹாமின் ஜோசப் லூகாஸ் கம்பெனியும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து ஆரம்பித்தது. ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் அங்கே தயாரானவை. பிரிட்டிஷ் கார் ரசிகர்கள் லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டல் செய்வார்கள். நடுராத்திரி லைட் அணைந்துபோகுமாம். என்னைக் கேட்டால் அது முழு நியாயம் இல்லை. அறுபது வருஷம் கழித்து, கடல் காற்றில், எலி கடித்த வயரோடு எந்தக் கம்பெனி சாமான்தான் ஒழுங்காக ஓடும்?

ஹெரால்டில் இன்னொரு வசதி: முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வயரிங் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

வண்டி ஸ்டார்ட் ஆக என்ன வேணும்?

சாவியைத் திருப்பும்போது நாம் ரெண்டு தனித்தனி வேலைகளை ஆரம்பித்துவைக்கிறோம். ஒன்று, இன்ஜினைச் சுற்றவைப்பது. நம்ம ஊர் பாஷையில் 'செல்ஃப் அடிக்கிறது'. இன்னொன்று, பெட்ரோல் ஆவிக்கு நெருப்பு வைப்பது, அதாவது இக்னிஷன். இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் பணம் செலவழிக்கிறார்கள்.

ஒரு காலத்தில் சுற்றவைக்கும் வேலையைக் கைதான் செய்தது. பழைய படங்களில் டிரைவர் காருக்கு முன்னால் குனிந்து ஒரு இரும்பு ஹேண்டிலைச் சுற்றுவாரே, அது. இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். 1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க இன்ஜினீயர் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைய ஆரம்பித்தது. பேட்டரி, காயில், பாயின்ட் வைத்து ஸ்பார்க் உண்டாக்கும் முறையும் அவர் பெயரால்தான் 'கெட்டரிங் இக்னிஷன்' என்று அழைக்கப்படுகிறது. ஹெரால்டு, அம்பாசடர், பத்மினி மூன்றிலும் இருப்பது அதுவேதான்.

செல்ஃப் சர்க்யூட் சிம்பிள். பேட்டரியிலிருந்து விரல் மொத்தத்தில் ஒரு கேபிள் சாலினாய்டுக்குப் போகும். அங்கிருந்து அதே மாதிரி இன்னொரு கேபிள் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு. மோட்டாரில் வேலை செய்த கரன்ட், இன்ஜின் இரும்பு வழியாகவே திரும்பி, எர்த் பட்டை மூலம் சேஸிஸுக்கு வந்து, பேட்டரியின் இன்னொரு முனைக்குப் போய்ச் சேரும். சாலினாய்டு என்பது ஒரு பெரிய ஸ்விட்ச். செல்ஃப் எடுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை உங்கள் சாவி ஸ்விட்ச் தாங்காது. அதனால் சாவி ஒரு சின்ன வயர் மூலம் சாலினாய்டுக்கு ஆர்டர் கொடுக்கும். பெரிய வேலையை சாலினாய்டு பார்த்துக்கொள்ளும்.

இக்னிஷன் சர்க்யூட்தான் எனக்குப் பிடித்த பகுதி. காயிலுக்குள் ரெண்டு சுற்று. ஒன்றில் கொஞ்சம் தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். இன்னொன்றில் முடி மாதிரிக் கம்பி, பல ஆயிரம் சுற்றுகள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் மூடியிருக்கும்போது முதல் சுற்றில் கரன்ட் ஓடி, காயில் காந்தமாகும். இன்ஜினோடு சுற்றும் கேம் அந்த பாயின்ட்டைத் திறக்கும் நொடியில் காந்தப்புலம் சரிந்துவிழும். அந்தச் சரிவில் இரண்டாவது சுற்றில் பத்தாயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். ரோட்டார் அதை வாங்கி, எந்த சிலிண்டருக்கு முறை வந்திருக்கிறதோ அந்த பிளக்குக்குக் கொடுக்கும். ஹெரால்டில் அந்த வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி மாட்டும்போது வயர்களை மாற்றிச் செருகினால் வண்டி இருமும், வெடிக்கும், ஓடாது.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது தெரியுமா? நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நொடிக்கு நூறு ஸ்பார்க். ஒரு சின்ன பாயின்ட் நொடிக்கு நூறு முறை திறந்து மூடுகிறது. பாயின்ட்டுக்குப் பக்கத்தில் குட்டி டப்பா மாதிரி இருக்கும் கன்டென்சர் மட்டும் இல்லாவிட்டால், ஒவ்வொரு தடவையும் அங்கேயே பொறி பறந்து, பாயின்ட் கருகிப்போகும். பிளக்குக்குப் போக வேண்டிய ஸ்பார்க்கும் சோகையாகிவிடும்.

'பீப்' சத்தத்தை நம்பாதீங்க

இப்போது மயிலாப்பூர் வண்டிக்கு வருவோம். புது பேட்டரி வைத்தாயிற்று. ஹெட்லைட் நன்றாக எரிகிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்ளோதான். நண்பன் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் 'பீப்'. கன்டின்யூட்டி பர்ஃபெக்ட். "அப்ப செல்ஃப் மோட்டார்தான் போச்சு" என்று முடிவுகட்டிவிட்டான். நானும் தலையாட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் ரெண்டு பேருமே தப்பு. கணக்கைப் பாருங்கள். ஒரு ஜாயின்ட்டில் துரு ஏறி, வெறும் 0.02 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டருக்கு அது பூஜ்யம் மாதிரிதான், சந்தோஷமாக 'பீப்' அடிக்கும். 4 ஆம்பியர் எடுக்கும் லைட்டுக்கு அந்த ஜாயின்ட்டில் இழப்பு 0.08 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஆனால், 150 ஆம்பியர் கேட்கும் செல்ஃபுக்கு? 150-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 3 வோல்ட்! இப்படி ரெண்டு ஜாயின்ட் கெட்டிருந்தால் 6 வோல்ட் அங்கேயே சூடாகக் கரைந்துபோகும். 12 வோல்ட் மோட்டாருக்குப் பாதிதான் போய்ச் சேரும். சாலினாய்டு 'டிக்' என்று தட்டும், மோட்டார் அசையாது.

அதனால் பழைய வண்டியில் தடையை அளக்கக் கூடாது, வோல்டேஜ் இழப்பை அளக்க வேண்டும், அதுவும் செல்ஃப் அடிக்கும்போதே. முதலில் காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் எழுந்துவிடும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் கம்பத்திலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல. இன்னொரு முனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டில் வைத்து, ஒருவரை சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பக்கம் ஓகே. அடுத்து, மோட்டாரின் உடம்புக்கும் பேட்டரியின் எர்த் கம்பத்துக்கும் நடுவில் இதே டெஸ்ட்.

மயிலாப்பூர் வண்டி மாட்டிக்கொண்டது இந்த ரெண்டாவது டெஸ்ட்டில்தான். எர்த் பக்கம் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பெரியவர் சிரித்துக்கொண்டே டார்ச்சை அடித்தார். இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையில் பாதி இழைகள் அறுந்திருந்தன. மிச்சம் பச்சைக் களிம்பு. செம்புக் குடத்தை பாட்டி புளி போட்டுத் தேய்ப்பாரே, அதே களிம்புதான். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் இது வராவிட்டால்தான் ஆச்சர்யம்.

ஹெரால்டில் இந்தப் பட்டை ரொம்ப முக்கியம். இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரன்ட் கடத்தாது. பாடி வேறு தனித்தனித் துண்டுகளாக சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டப்பட்டது. ஒவ்வொரு போல்ட்டும் ஒரு துரு பிடிக்கும் இடம். எர்த் பட்டை முழுசாக அறுந்தால் கரன்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொடும் வேறு இரும்பு என்ன இருக்கிறது? சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள். நூறு ஆம்பியர் அதன் வழியாகப் பாய்ந்தால் கேபிள் சிவக்கச் சிவக்கப் பழுத்துவிடும். அது போய் முடியும் இடம் கார்புரேட்டர். அதாவது, பெட்ரோல். புரிகிறதா, இது ஏன் வெறும் 'ஸ்டார்ட் ஆகலை' பிரச்னை இல்லை என்று?

கட்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி...

அந்த ஒரு பட்டையை மாற்றினால் வண்டி எழுந்துவிடும்தான். ஆனால், டேஷ்போர்டுக்குப் பின்னால் பார்த்தபோது வேறு கதை. வயர்களின் மேலுறை விரலால் மடக்கினாலே அப்பளம் மாதிரி உடைந்தது. யாரோ, எப்போதோ, வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரை முறுக்கி இணைத்து டேப் சுற்றியிருந்தார்கள். சென்னை வெயிலில் டேப்பின் பசை உருகி, பிசுபிசு என்று வழிந்திருந்தது. எலி தன் பங்குக்கு மூன்று இடத்தில் கடித்திருந்தது. "இதுல ஒட்டுப்போட்டா எனக்குத் தூக்கம் வராது தம்பி" என்றார் பெரியவர். ஸ்டார்ட்டிங், இக்னிஷன் ரெண்டையும் முழுசாக மாற்றுவது என்று முடிவானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. யூடியூப் பார்த்து "முதல்ல நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழட்டணும்" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். பாசிட்டிவ் எர்த் என்பார்கள். அந்த வண்டியில் போய் முதலில் நெகட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். ஆகவே விதி இதுதான்: எந்தக் கம்பம் பாடிக்குப் போகிறதோ அதை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது அடுத்த கேள்வி.

அடுத்து, உங்கள் போன். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரின் முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள். பழைய வயர் கட்டை உடனே தூக்கிப்போடாதீர்கள். புதுசு மாட்டி வண்டி ஓடும்வரை அதுதான் உங்கள் மேப்.

நல்ல செய்தி என்னவென்றால், லூகாஸ் வயர்களுக்கு ஒரு கலர் மொழி உண்டு. அம்பாசடருக்கும் இதே மொழிதான். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியை எடுத்தாலும் கரன்ட் இருக்கும், ஜாக்கிரதை. வெள்ளை, சாவி போட்டால் மட்டும் உயிர் வருவது, காயிலுக்குப் போவது இதுதான். வெள்ளையில் சிவப்புக் கோடு என்றால் சாவியிலிருந்து சாலினாய்டுக்கு. வெள்ளையில் கறுப்புக் கோடு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டுக்கு. பச்சை, ஃபியூஸ் தாண்டி வரும் இக்னிஷன் சப்ளை. கறுப்பு எர்த். ஸ்டார்ட்டிங்குக்கும் இக்னிஷனுக்கும் இந்த ஆறு தெரிந்தால் போதும். புது வயரையும் இதே கலரில் வாங்குங்கள். "எல்லாத்தையும் சிவப்புலயே போட்டுடலாம் சார், கரன்ட்டுக்குக் கலர் தெரியாது" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து நடுரோட்டில் பானெட்டைத் திறக்கப்போகிறவர் நீங்கள்தான்.

புது வயர் போடலாமா?

சாமான்களுக்கு ஜி.பி. ரோடு, பழைய உதிரிகளுக்கு புதுப்பேட்டை. வாங்கும்போது பார்க்க வேண்டியது வயரின் தடிமன். இக்னிஷன் சர்க்யூட்டுக்கு 2 சதுர மி.மீ., அதாவது 0.30 மி.மீ. இழைகள் 28 கொண்ட ஆட்டோமொபைல் வயர், சுமார் 17 ஆம்பியர் தாங்கும். காயில் எடுப்பது 4 ஆம்பியர்தான், தாராளம். பிரவுன் மெயின் வயருக்கு 4.5 சதுர மி.மீ.-க்குக் குறையாமல். செல்ஃப் கேபிள் 25 முதல் 35 சதுர மி.மீ. கட்டாயம் பல இழை வயர்தான் வேண்டும். வீட்டு வயரின் ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும்.

வேலையை எர்த்திலிருந்து ஆரம்பித்தார் பெரியவர். பேட்டரி முதல் சேஸிஸ் வரை ஒன்று, இன்ஜின் முதல் சேஸிஸ் வரை ஒன்று, பாடிக்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்த பிறகுதான் லக்கை வைத்து முறுக்கினார். மேலே கொஞ்சம் வேஸலின், உப்புக்காற்று உள்ளே போகாமல் இருக்க. அதன் பிறகுதான் செல்ஃப் கேபிள்கள். இதற்கு லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி வாங்க வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்குவது ஆறு மாதம்கூடத் தாங்காது.

சின்ன வயர்களுக்கு சால்டரா, கிரிம்ப்பா என்று நண்பனுக்கும் அவருக்கும் ஒரு சின்ன விவாதம். சால்டர் வைத்தால் ஈயம் வயருக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் வயர் விறைப்பாகி, அதிர்வில் சரியாக அங்கேயே உடையும். நல்ல கிரிம்பிங் டூலில் அழுத்திய டெர்மினல், மேலே ஹீட் ஸ்லீவ் - இதுதான் அவர் கட்சி. நானும் அவர் பக்கம்தான்.

அந்தக் கால வண்டிகள் பலவற்றில் மொத்தமே ரெண்டு ஃபியூஸ்தான். இக்னிஷன் வெள்ளை வயருக்கு ஃபியூஸே கிடையாது. அந்த வயர் உரசி எங்காவது பாடியில் பட்டால், அறுந்துபோய்க் காப்பாற்ற யாருமே இல்லை. வயர் கட்டு மொத்தமும் எரியும். எனவே, செல்ஃப் கேபிளைத் தவிர, பிரவுன் மெயின் வயர் கிளம்பும் இடத்திலேயே ஒரு மெயின் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். அந்த வயர் தாங்கும் அளவைவிட ஃபியூஸ் குறைவாக இருக்க வேண்டும். ஒரிஜினாலிட்டி பார்க்கும் கலெக்டர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அப்படியே ஒரு பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச்சும் போட்டுவிட்டால், வண்டி போர்டிகோவில் நிற்கும் நாட்களில் எலி கடித்தாலும் பயமில்லை. இன்ஜின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி.

காயிலை மாட்டும்போது பாசிட்டிவ் எர்த் விஷயம் மறுபடி வரும். அந்த வண்டியில் சாவியிலிருந்து வரும் வெள்ளை வயர் காயிலின் மைனஸுக்கு, பாயின்ட்டுக்குப் போவது பிளஸ்ஸிலிருந்து. மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும். பாயின்ட் இடைவெளி 0.015 இன்ச், அதாவது 0.38 மி.மீ. பிளக் இடைவெளி 0.025 இன்ச். ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்து வைப்பது வேண்டாம்.

இப்போதெல்லாம் பாயின்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் கிடைக்கிறது. தேய்மானம் இல்லை, அட்ஜஸ்ட்மென்ட் இல்லை, ஸ்டார்ட்டிங் சூப்பர். ஆனால், வண்டியின் எர்த் பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்த்து வாங்காவிட்டால் மாட்டிய நொடியில் கிட் காலி. என் சாய்ஸ் பாயின்ட்தான். ஈ.சி.ஆரில் மழையில் நின்றுபோனால், பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் பாக்ஸ் போனால் டோ வண்டிக்கு போன் போட வேண்டியதுதான். அந்த கிட் போட்டால், பழைய பாயின்ட் செட்டை டிக்கியில் வைத்திருங்கள்.

இன்னொன்று, பழைய டைனமோ ஐடிலில் ஏறக்குறைய சார்ஜே ஏற்றாது. பனகல் பார்க் சிக்னலில், மழையில், லைட்டும் வைப்பரும் ஓட, வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனால் பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும். அன்று ராத்திரி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், வயரிங் மேல் பழி போடாதீர்கள்.

பெட்ரோலையும் மறந்துவிடக் கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்தவை அல்ல, உப்பி, வெடித்துக் கசியும். புது வயரிங் போடும்போதே ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். காருக்குள் ஒரு சின்ன தீயணைப்பான், டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில்.

ஆர்.டி.ஓ விஷயம் சுருக்கமாக: 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேலான, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை வின்டேஜ் பிரிவில், 'வி.ஏ' எழுத்துகளோடு பதிவு செய்யலாம். ஆனால், தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. ஆர்.சி புத்தகம் பாட்டியின் பீரோவில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அந்த முதல் ஸ்டார்ட்

பேட்டரியை நேராக மாட்டவில்லை. பெரியவர் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எடுத்து, பேட்டரிக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் மாட்டினார். இது சூப்பர் ட்ரிக், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்விட்ச்சும் ஆஃபில் இருக்கும்போது பல்பு பிரகாசமாக எரிந்தால், எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். வயருக்குப் பதில் பல்பு அந்தக் கரன்ட்டை வாங்கிக்கொள்ளும், எதுவும் எரியாது. பல்பு எரியவில்லை. அப்பாடா!

பிறகு பல்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியை நேராக இணைத்தார். சாவியை இக்னிஷனில் வைத்து, காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் பிடித்தார். இன்ஜினைக் கையால் சுற்றினால் லேம்ப் எரிந்து எரிந்து அணைய வேண்டும். பாயின்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது அழுக்கு. எரியவே இல்லை என்றால் சப்ளை வரவில்லை, அல்லது பாயின்ட் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. எங்கள் லேம்ப் அழகாகக் கண் சிமிட்டியது. "சாவியை ஆன்ல விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, காயில் வெந்துடும்" என்றார்.

பானெட் முன்னால் சாய்ந்திருக்க, பாட்டி வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நண்பன் சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினான். செல்ஃப் 'ர்ர்ர்' என்று கணீரென அடித்தது. முதல் தடவை இல்லை. ரெண்டாவது தடவை சைலன்சரில் ஒரு 'டப்', பூனை மதில் தாண்டி ஓடியது. மூன்றாவது தடவை எழுந்தது. நாலு சிலிண்டரும் உடனே சேரவில்லை, ஒரு நிமிஷம் மிஸ்ஸிங் அடித்து, புகை கக்கி, பிறகு நிதானத்துக்கு வந்தது. டேஷ்போர்டில் சிவப்பு இக்னிஷன் லைட் ஐடிலில் மங்கலாக எரிந்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்ததும் அணைந்தது. டைனமோவும் உயிரோடுதான் இருக்கிறது.

பாட்டி எழுந்து வந்து, டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையைவிட்டு ஸ்டீயரிங் நடுவில் அழுத்தினார். சத்தம் வரவில்லை.

"ஹார்ன் ஏன்டா அடிக்கலை? அவர் தெருமுனையில திரும்பும்போதே அடிச்சுடுவாரே."

ஹார்ன் வயர் இன்னும் இணைக்கவில்லை. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.